பனித்துரையின் நெற்றிக்காசு

போடிநாயக்கனூர்
9.6.1976

தங்கச்சி அன்னக்கொடிக்கு அண்ணன் தவசி எழுதுவது.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருடம் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே, நீயும்தான் எழுதவில்லை. நானும் உன் மதினி பொன்னுமணியும் சுகம். கமிஷன் கடையில் இன்னமும் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால் தெருவே பாயசம் வாசம் அடிக்கிறது என்கிறாள் உன் மதினி.

விஷயத்துக்கு வருகிறேன். என் மெடல்களை நீ மறந்திருக்க மாட்டாய். உன் கல்யாணப் பந்தியில் சண்டை வந்ததே அதனால்தானே. துருவத்தில், பனிக்கட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு சாகக் கிடந்தவர்களைக் கப்பலில் போய் மீட்டு வந்தார்களே, அவர்களுக்கு வெள்ளைக்கார ராஜா கொடுத்த வெள்ளி மெடல்கள் அவை. மலையிலிருந்து துரைமார் காலி செய்து போனபோது விற்ற ஒரு தகரப் பெட்டியின் அடியில் முதல் மெடல் கிடந்தது. என்ன ஏது என்று லண்டன் வியாபாரி ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். படம் போட்ட புத்தகமே அனுப்பிவிட்டார். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். கொச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று தேடிப் பிடித்தேன். எட்டு மூலை வெள்ளி. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பனியில் சிக்கிய கப்பல். ஓரத்தில் வாங்கியவன் பெயர் வெட்டியிருக்கும். சர்பத் கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் ஐசைத் தவிர நான் வேறு ஐசைப் பார்த்தவன் இல்லை. ஆனாலும் அந்தக் கப்பலைப் பார்த்தால் எனக்குக் கை சில்லிட்டுப் போகும்.

மெடலோடு வந்த நாடா வெள்ளை. சுமங்கலி இருக்கும் வீட்டில் வெள்ளை நாடா தொங்கக் கூடாது என்று உன் மதினி மூன்றையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டாள். லண்டன்காரர் கேள்விப்பட்டால் மயங்கி விழுவார்.

இப்போது கேள். உங்கள் மொட்டைப்பாறை எஸ்டேட்டில் முன்பு ஒரு துரை இருந்தாராமே, பனித்துரை என்று கூப்பிடுவார்களாம். அவரும் அப்படி ஒரு கப்பலில் போய் மெடல் வாங்கியவராம். உங்கள் எஸ்டேட் கணக்கப்பிள்ளை கடைக்கு வந்தபோது சொன்னார். அந்த மெடல் எங்கே போனது என்று விசாரித்து எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று நான் எழுத மாட்டேன். அது உனக்கே தெரியும்.

தவசி


மொட்டைப்பாறை எஸ்டேட்
போடிமெட்டு வழி
27.6.1976

அன்புள்ள அண்ணனுக்கு அன்னக்கொடி எழுதிக்கொண்டது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். பிரித்தால் மெடல். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போகட்டும், மெடலாவது உங்களை எழுத வைத்ததே.

விசாரித்தேன். பனித்துரை நான் இங்கே வாக்கப்பட்டு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே செத்துப்போனார். அடைமழைக் காலமாம், மேட்டுப் பாதையில் மண் சரிந்து பாதிரியார் வர முடியவில்லை. வேலைக்காரர்களே குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, நம் முறைப்படியே எல்லாம் செய்திருக்கிறார்கள். நெற்றியில் காசு வைக்க வேண்டுமே. அவ்வளவு பெரிய துரைக்குக் காலணாவையா வைப்பது என்று, அவர் மேசையில் கிடந்த எட்டு மூலை வெள்ளியை எடுத்துச் சந்தனம் தொட்டு நெற்றியில் ஒட்டிவிட்டார்களாம். அதோடுதான் குழியில் இறக்கியது என்கிறார்கள்.

இனி என் விஷயம். உங்கள் மாப்பிள்ளை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறார். காய் காயும் வரைக்கும் அந்தப் புகையில்தான் இருப்பு. பங்குனியிலிருந்து இருமல். போன வாரம் துண்டில் ரத்தம் பார்த்தேன். இங்கே இருக்கும் மலையாளத்துக் கம்பவுண்டர் முதலில் "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்றார், பயப்படாதே என்று அர்த்தமாம். இப்போது அவரே பயந்துபோய், கீழே இறங்கி மாசக்கணக்கில் தினமும் ஊசி போட வேண்டும் என்கிறார்.

போடியில் நம் வீடு இருக்கிறது. ஆனால் பந்தியில் எல்லோர் முன்னாலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நானா வந்து வெத்தலை பாக்கு வச்சுக் கூப்புடாம எவனும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது." அதை அவர் நெஞ்சில் வைத்திருக்கிறார். வேறு இடத்தில் தங்கலாம் என்றால், "மச்சான் வீடு ஊருக்குள்ள இருக்கையில சத்திரத்துல போயிக் கெடந்தா காறித் துப்ப மாட்டாங்களா?" என்கிறார்.

ஒரே ஒரு நாள் வந்து அழைத்துவிடுங்கள் அண்ணே. காலையில் ஜீப்பு ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
11.7.1976

அன்னக்கொடிக்கு,

நெற்றியில் ஒட்டினார்களா! உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் எந்த மெடலுக்கு இந்தக் கதை உண்டு? லண்டன் புத்தகத்தில் அப்படி ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடந்தவர்கள் கடல்நாய் இறைச்சியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். மீட்கப் போன கப்பலைப் பனிக்கட்டி ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. கரி தீர்ந்து, திரும்பி, மறுபடி கரி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேப்டன் சொன்னாராம், அவர்கள் அங்கே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படித் தூங்குவது என்று. இதைப் படித்து நான் அழுதேன் என்றால் நம்புவாயா? அப்படிப்பட்ட கப்பலில் போனவர் உங்கள் துரை. அந்தக் குழி எங்கே இருக்கிறது, கல் நட்டிருக்கிறதா என்று எழுது.

மாப்பிள்ளை வரட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? இந்தக் கடிதத்தையே அழைப்பாக வைத்துக்கொள்ளச் சொல். பந்தியில் நான் சொன்னதை எழுதியிருக்கிறாய், அவர் சொன்னதை ஏன் எழுதவில்லை? ஆசையாக மெடலைக் காட்டினால், "ஐசுல போயி மாட்டுனவனுக்கு மெடலு, மேட்டுல மண்ணு சரிஞ்சு பொதையிறவனுக்கு வெறும் சங்கு" என்று இலையில் உட்கார்ந்துகொண்டு நக்கல் அடித்தாரே. பந்தியே சிரித்தது. எனக்கும் ரோஷம் உண்டு.

ஏலக்காய் சீசன் தொடங்கிவிட்டது. நகர முடியவில்லை.

தவசி


மொட்டைப்பாறை எஸ்டேட்
8.8.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அழைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லும் இடம் வந்ததும் கவரை என் கையிலிருந்து வாங்கினார். தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். "வெத்தலையக் காணமே ஆத்தா, தபால்காரன் போட்டுக்கிட்டானோ?" என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. அது அடங்க வெகுநேரம் ஆனது.

பந்தியில் அவர் பேசியது தப்புத்தான். அதற்கு முந்தின மழையில்தான் அவருடைய சித்தப்பா மண்ணுக்குள் போனார். மண்வெட்டியோடு ஓடிப் போனவர்களில் இவரும் ஒருவர். உயிரோடு எடுக்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் வாயை விட்டுவிட்டார். நீங்கள் மூத்தவர், பொறுத்துக்கொள்ளலாம்.

துரை குழி ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிறது. கல் இருக்கிறது, பாசி பிடித்து எழுத்து தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்தக் கல் தெரியும்.

பாக்கு இங்கேயே கிடைக்கும். வெற்றிலை மட்டும் வாங்கி வந்தால் போதும்.

அன்னக்கொடி


மொட்டைப்பாறை எஸ்டேட்
20.2.1977

அண்ணனுக்கு,

ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. சீசன், வேலை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சுப்புத்தாய் கேட்கிறாள்: "ஒங்கண்ணன் வந்துட்டுப் போனாகளாமே, கறி எடுத்தியா?"

துரை குழியை இடம் மாற்றினார்களாம். புது முதலாளி அந்த இடத்தில் இன்னொரு ஸ்டோர் கட்டப் போகிறாராம். அவரிடம் சொல்லிவைத்து நீங்கள் வந்து பக்கத்தில் நின்று, மண்ணைச் சல்லடையில் போட்டு அரித்துப் பார்த்தீர்களாம். நான் களையெடுக்க மேல்காட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மாப்பிள்ளை வீட்டில்தான் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

அவரிடம் போய்க் கேட்டேன், அண்ணன் வந்தது உங்களுக்குத் தெரியுமா என்று. "பாத்தேன். இங்குட்டு வருவாகன்னு எந்திரிச்சுச் சட்டையப் போட்டு ஒக்காந்தேன்" என்றார். சட்டையைக் கழற்றவில்லை. இரவு அதோடுதான் படுத்தார்.

மனுசனா அண்ணே நீங்கள்?

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
3.3.1977

அன்னக்கொடிக்கு,

உன் கடிதம் சுடுகிறது. நானும் பேச வேண்டும்.

குழியில் மெடல் இல்லை. கோட்டுப் பொத்தான்களும் ஒரு புகைக்குழாயும் எலும்புகளும்தான். எஸ்டேட் ஆட்கள் மரியாதையாக எல்லாவற்றையும் எடுத்து மேலே புதுக்குழியில் வைத்தார்கள். நான் ஒரு முழம் பூ போட்டேன். மெடல் இல்லை என்றதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

உன் வீட்டைப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. கூரையில் புகை வந்ததைப் பார்த்தேன். ஓரடி எடுத்தும் வைத்தேன். ஆனால் வெற்றிலை வாங்கி வரவில்லை. வெறுங்கையோடு வந்து கூப்பிட்டால் அது அழைப்பாகுமா? கவரை உதறிக் காட்டிய மனுசன் என் கையைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாரா? முறையாக இன்னொரு நாள் வரலாம் என்று ஜீப்பு ஏறிவிட்டேன். ஏலக்காய் லோடு ஏற்றிக் கிளம்பத் தயாராக நின்றது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காசு வைத்தது உறுதிதானா? பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

தவசி


மொட்டைப்பாறை எஸ்டேட்
2.10.1977

அண்ணனுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது அவர் எழுந்து நடப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மெடல் அகப்பட்டுவிட்டது. நாம் எல்லோரும் மடையர்கள். நெற்றிக்காசு எந்தக் காலத்தில் குழிக்குள் போயிருக்கிறது? மண் தள்ளுவதற்கு முன்னால் எடுத்துக்கொள்வது குழி வெட்டுகிறவரின் பாத்தியதை அல்லவா? நம் அய்யாவுக்கும் அப்படித்தானே நடந்தது, நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள். துரை என்றதும் முறை மாறிவிடும் என்று நினைத்துவிட்டோம்.

துரைக்குக் குழி வெட்டியவர் அமாவாசை. இன்னும் இருக்கிறார், கண் மட்டும் சரியாகத் தெரியாது. அவர் பெண்டாட்டி கருத்தம்மா அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள். எட்டு மூலை, கப்பல், ஓரத்தில் இங்கிலீசு எழுத்து. "இது எங்க வீட்டு ஆளு நெத்திக்குன்னு வச்சுருக்கேன் தாயி. ஊருக்கே குழி வெட்டுனவரு, அவருக்கு நல்ல காசு வைக்க வேணாமா?" என்றாள். நான் அவளோடு உட்கார்ந்து எல்லாக் கதையும் சொன்னேன். கடைசியில், "ஒங்கண்ணன் வந்து ஒம்புருசனக் கூட்டிட்டுப் போகட்டும், அன்னைக்கே குடுத்துர்றேன்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அண்ணே, நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி. வெற்றிலையோடு வாருங்கள். மெடல் உங்கள் கையில், அவர் ஜீப்பில். கம்பவுண்டர் இப்போது போனாலும் பிழைக்க வைக்கலாம் என்கிறார். மழை இறங்குவதற்குள் வாருங்கள்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
12.11.1977

அன்னக்கொடிக்கு,

நான் வந்தேன். நம்பு.

கடையில் சொல்லிவிட்டு, கவுளி வெற்றிலை, பாக்கு, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, எல்லாம் வாங்கிக்கொண்டு ஜீப்பு ஏறினேன். மழை கொட்டுகிறது. பாதி மலை ஏறியதும் வளைவில் மண் சரிந்து கிடக்கிறது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இனி ஒரு வாரத்துக்கு ஒண்ணும் ஏறாது" என்றார். சிலர் இறங்கி மண்மேல் ஏறி நடந்தார்கள். எனக்கு முட்டியில் வாதம் உண்டு, உனக்குத் தெரியும். வேட்டி நனைந்துவிட்டது. திரும்பிவிட்டேன்.

பாதை திறந்ததும் மறுபடி கிளம்புவேன். கருத்தம்மாவிடம் சொல்லிவை, புளி போட்டு அந்த வெள்ளியைத் தேய்க்க வேண்டாம் என்று. ஓரத்து எழுத்து தேய்ந்துவிட்டால் பிறகு அது யாருடைய மெடல் என்று சொல்ல முடியாது.

மாப்பிள்ளையைத் தைரியமாக இருக்கச் சொல். நான் கேட்டதாகச் சொல்.

தவசி


மொட்டைப்பாறை எஸ்டேட்
14.1.1978

அண்ணனுக்கு,

மதினி வந்து சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் எழுத வேண்டும்.

மண் சரிந்த அன்று சிலர் நடந்து வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதில் ஒருத்தி சுப்புத்தாய். தலையில் அரிசி மூட்டை. "ஒங்கண்ணன் ஜீப்புல ஒக்காந்துருந்தாக, நான் கூப்புட்டேன், வரல" என்றாள். அவர் காதிலும் விழுந்தது. நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாதை திறந்த பிறகு ஒவ்வொரு ஜீப்புச் சத்தத்துக்கும் சட்டையைக் கொண்டா என்பார். நான் போட்டுவிடுவேன். பிறகு கழற்றிவிடுவேன். மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டார்.

கேதம் சொல்ல ஆள் இறங்கி வந்தபோது நீங்கள் ஊரில் இல்லை. புது மெடல் ஒன்று பார்க்கக் கொச்சிக்குப் போயிருந்தீர்களாம். மதினிதான் தனியாக ஏலக்காய்ச் சாக்குக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடியும் அவர்கள்தான் போட்டார்கள். அவர்கள் அழுததுபோல் நான்கூட அழவில்லை.

நெற்றிக்கு வைக்க வீட்டில் நல்ல காசு இல்லை. நான் தேடிக்கொண்டிருந்தபோது கருத்தம்மா வந்து சுருக்குப் பையை அவிழ்த்தாள். "கூட்டிட்டுப் போறவுக வரல. இருந்தாலும் இது ஒம்புருசனுக்குன்னு பேசுனதுதான, வையி" என்றாள். உங்கள் கப்பலை அவர் நெற்றியில் நான் ஒட்டினேன். ராஜா தலை உள்பக்கம், கப்பல் வெளியே. மண் தள்ளுவதற்கு முன்னால் அமாவாசை தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டார். அது அவர் பாத்தியதை.

பனிக்கட்டி திருப்பி அனுப்பினாலும் மறுபடி மறுபடி போனார்கள் என்று எழுதினீர்கள். வாசிக்க நன்றாக இருந்தது. அவரும் கேட்டுவிட்டு, "அந்தக் கேப்டன் பெரிய மனுசன்தான்" என்றார். நக்கல் இல்லை, மனசாரச் சொன்னார். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
6.4.1980

தங்கச்சி அன்னக்கொடிக்கு,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உன் வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து பொன்னுமணி என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு கிடையாது. மெடல்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டாள். கொச்சியில் பார்த்தது போலி. அச்சில் வார்த்தது. ஓரத்தில் பெயரே இல்லை.

எஸ்டேட்டில் ஆள் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ ஏன் அங்கே தனியாகக் கிடந்து குளிரில் சாக வேண்டும்? நம் வீடு இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். வெற்றிலை பாக்கு வாங்கி வைத்துவிட்டேன். முறைப்படி தட்டில் வைத்து உன்னை அழைக்கிறேன். நாலு பேர் பார்க்கட்டும். மறுப்புச் சொல்லாதே.

மெடலைப் பற்றி நான் கேட்கவில்லை. கருத்தம்மாவிடம் இருந்தால் பத்திரமாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

தவசி


மொட்டைப்பாறை எஸ்டேட்
9.4.1980

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அமாவாசை மாசி மாதம் செத்துப்போனார். கருத்தம்மா சொன்ன சொல் தவறவில்லை, அந்த வெள்ளியைத்தான் அவர் நெற்றியில் வைத்தாள். அவருக்குக் குழி வெட்ட ஆள் இல்லை. எஸ்டேட் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டினார்கள். மண் தள்ளும் நேரத்தில் காசை எடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். யார் எடுப்பது? எடுக்கும் பாத்தியதை உள்ளவரே உள்ளே படுத்திருக்கிறார். அப்படியே மண் தள்ளிவிட்டார்கள். இனி அதற்காக யாரும் சல்லடை தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இந்தத் தடவை நான் வீட்டில் இருப்பேன்.

என்னை அழைக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பிறந்த வீட்டுக்கு வர எனக்கு எதற்கு வெற்றிலை? என்னை யாரும் அழைக்க வேண்டியதே இல்லை. ஜீப்பு இருந்தது, கால் இருந்தது, நினைத்த அன்றைக்கு வந்திருப்பேன். அழைப்பு வேண்டியிருந்தது அவர் ஒருவருக்குத்தான். அவரை விட்டுவிட்டு வரக் கூடாது என்று அப்போது இருந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். துரையின் புதுக்குழிக்குக் கீழேதான் அவர் இருக்கிறார். அந்தப் பக்கம் சாயங்காலமானால் மஞ்சு இறங்கி ஒன்றும் தெரியாது.

நீங்கள் வர வேண்டாம் அண்ணே. கோபத்தில் சொல்லவில்லை, கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. வந்தால் சட்டை போட்டு உட்கார இங்கே ஆள் இல்லை.

வாங்கி வைத்த வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வாடுவதற்குள் மதினி போட்டுக்கொள்ளட்டும்.

அன்னக்கொடி